பெட்டியும் குண்டும்

பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்றது விருத்தாசலம். அத்தொழிலில் மண்ணும் கல்லும் அரைக்கும் உருளைகளுக்குள் பீங்கான் குண்டுகள் இடுவதுண்டு. ஈரங்குல விட்டமுள்ள குண்டுகள், எப்பக்கமும் இரண்டடி உள்ள பெட்டியில் எத்தனை கொள்ளும்?

பெட்டி 13,824 கன அங்குலம். குண்டு சுமார் 4.19. வகுத்தால் ஏறக்குறைய 3,300. இதை நம்பி விலை பேசும் வியாபாரிக்கு நஷ்டமே! நேர்வரிசையில், பக்கத்திற்குப் பன்னிரண்டாக, 1,728 தான் அடங்கும். பள்ளத்தில் குண்டு பொருந்த எவ்வளவு சாமர்த்தியமாய் அடுக்கினும், நூற்றுக்குச் சுமார் 74 பங்குக்குமேல் நிறையாது. இதனைக் கெப்ளர் 1611-இல் ஊகித்தார்; ஹேல்ஸ் 1998-இல் நிரூபித்தார். எஞ்சியது வெறும் காற்று.

ஆதலின் நம் சிறுவர்க்கு வகுத்தலோடு பெட்டியையும் குண்டுகளையும் கையில் கொடுப்போமாக. சொன்ன எண்ணிக்கை குறையாது போய்ச் சேர்வதிலன்றோ சுதேசிப் பண்டத்தின் கௌரவம் இருக்கிறது!