கௌரவப் பட்டமும் அறிவதிகாரமும்

கிறிஸ்தவ விசுவாசத்தைத் தருக்க வழியில் நிறுவ முனைந்தோருள் ரவி சகரியாஸ் உலகப் புகழ் பெற்றவர். 1946இல் சென்னையிற் பிறந்து, கனடாவிற் குடியேறி, 2020இல் மறைந்த அவர் நெடுங்காலம் 'கலாநிதி' என்றே அறிமுகப்படுத்தப்பட்டார். ஆயின், அவர் கற்றுப் பெற்ற உயர்பட்டம் இறையியல் முதுமாணியே. கலாநிதிப் பட்டங்கள் யாவும் கௌரவமாக வழங்கப்பட்டவை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் வருகைதரு ஆய்வாளர் என்ற குறிப்பும் ஐயத்துக்குரியதாயிற்று. 1990இல் அவர் தங்கிப் பயின்ற ரிட்லி ஹோல், பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய அங்கிலிக்கன் இறையியற் கல்லூரி. அதன் உறுப்புக் கல்லூரியன்று.

கண்டனம் வலுக்கவே, 2017இல் அவரது நிறுவனம் விளக்கமளித்தது. கௌரவப் பட்டத்தைப் பெயர்முன் இடுதல் ஏற்புடைய வழக்கமே எனவும், சிலரிடையே சர்ச்சைக்குரியதாதலின் அதனைக் கைவிட்டதாகவும் அது கூறிற்று. தவறில்லையெனின் கைவிடுவானேன்?

பட்டமின்மையால் வாதம் பொய்யாகுமா என வினவலாம். ஆகாது, வாதம் தன் வலிமையாலேயே நிற்கும் அல்லது வீழும். எனினும், மெய்யியற் பயிற்சியற்ற அவையோர் வாதத்தை அளக்க இயலாதவிடத்துப் பேசுவோரின் பட்டத்தையே பிணையாகக் கொள்கின்றனர். ஆய்வேட்டை எழுதிப் பரிசோதகர்முன் நிறுவியவர் அப்பிணையைத் தேடிக்கொண்டவர். கௌரவப் பட்டத்துக்கு அத்தகைய பரீட்சை ஏதும் இல்லை. இவ்வேறுபாட்டை அவையோர் அறியவில்லை, மேடையும் அறிவிக்கவில்லை.