‘இல்லை’ என்று எழுதும் முன்: கெயின்ஸ் கடலில் ஓர் அரைநாள்

ஜூன் கடைசியில் மெல்பேர்ண் குளிர் எலும்புக்குள் இறங்கும்போது பாடசாலை விடுமுறையும் வந்துவிடும். அப்போது டார்னெய்ட்டில் இருந்து வடக்கே புறப்படும் எமது குடும்பங்களில் பலவற்றின் தெரிவு கெயின்ஸ். விமானத்தில் மூன்றரை மணி நேரம் அளவில் இறங்கிவிடலாம். இறங்கினால் தென்னை இருக்கும், மாமரம் இருக்கும், மறந்துபோன வியர்வையும் இருக்கும்.

வெக்கையைத் தவிர வேறு காரணமும் உண்டு. எம்மில் சிலர் இன்னும் பிரிட்ஜிங் விசாவிலேயே காலம் தள்ளுகிறார்கள். 2023 பெப்ரவரியில் தற்காலிகப் பாதுகாப்பு விசாக்காரருக்கு நிரந்தர வழி அறிவிக்கப்பட்டபோதும், விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவர்கள் அதற்குள் அடங்கவில்லை. பாலிக்கோ மாலைதீவுக்கோ போனால் திரும்பி வருவது நிச்சயமில்லை என்ற நிலையில், அவர்களின் பிள்ளைகளுக்கு வெப்பமண்டலக் கடலைக் காட்ட இந்த நாட்டுக்குள் உள்ள இடமே இடம்.

கெயின்ஸ் போனவர்கள் பெரும்பாலும் ஏறுவது ‘கிறீன் ஐலண்ட்’ படகில். கரையில் இருந்து 27 கிலோமீற்றர். விரைவுப் படகுக்கு முக்கால் மணி நேரம். காலையில் போய் மதியம் திரும்பலாம், அல்லது மதியம் போய் மாலையில் திரும்பலாம். நாள் முழுக்க வெளிப் பவளப்பாறைக்குப் போகும் பயணத்தைவிடச் செலவு குறைவு, கைக்குழந்தையோடும் அம்மம்மாவோடும் போகத் தோதானது. 12 ஹெக்டேயர் அளவான மணல்தீவு அது. அதன் மேல் ஒரு மழைக்காடு. சுமார் 6,000 ஆண்டுகளாக அலை கொண்டுவந்து சேர்த்த பவளத் துகள்தான் அதன் மண். குங்கஞ்சி என்ற ஆதிக்குடி மக்களின் இடம் அது. 1937இல் இருந்து தேசியப் பூங்கா.

பவளம் என்றதும் பிள்ளைகளுக்குத் தொலைக்காட்சிப் படம்தான் நினைவுக்கு வரும். பெரியவர்களுக்கு அதற்கு வேறு பெயர் தெரியும்: முருகைக்கல். நெடுந்தீவில் வளவு மதில்கள் சாந்து பூசாமல் அடுக்கி நிற்பதும், தீவகத்தில் எத்தனையோ சுவர்களுக்குச் சுண்ணாம்பு தந்ததும் இதே உயிரின் எலும்புக்கூடுதான். மதிலாகப் பார்த்த கல்லை உயிரோடு பார்க்கப் போகிறோம் என்று பிள்ளைக்குச் சொல்லலாம். கடற்புல் திட்டுகளுக்கிடையே கடலட்டையும் கிடக்கும். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வெள்ளையர் இந்தத் தீவில் கொட்டில் போட்டதே கடலட்டையை அவித்து உலர்த்திச் சீனாவுக்கு அனுப்பத்தான். புங்குடுதீவுக் கடலில் இன்று நடக்கும் அட்டைப் பண்ணைச் சண்டையைச் செய்தியில் படிப்பவர்களுக்கு இது புதுக்கதை அல்ல.

ஆனால் இந்தக் கட்டுரை காட்சிகளைப் பற்றியது அல்ல. படகில் ஏறியதும் ஒரு பலகையில் செருகிக் கையில் தரும் ஒரு தாளைப் பற்றியது.

அது மருத்துவ அறிவிப்புப் படிவம். இதய நோய் உண்டா, உயர் இரத்த அழுத்தம் உண்டா, நீரிழிவு உண்டா, ஆஸ்மா உண்டா, வலிப்பு வந்ததுண்டா, தற்போது மருந்து எடுக்கிறீர்களா, நீந்தத் தெரியுமா என்று கேட்கும். எம்மவரில் பலர் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று கோடிழுத்து அடியில் கையெழுத்து வைத்துவிடுவார்கள். பிறசர் குளிசை இரண்டு காலையில்தான் போட்டிருப்பார்கள். சீனி வருத்தம் பத்து ஆண்டுகளாக இருக்கும். ஆனாலும் ‘இல்லை’.

ஏன் என்று எமக்குத் தெரியும். காசு கட்டியாயிற்று, ‘ஓம்’ என்றால் இறக்கமாட்டார்கள் என்ற பயம். பிள்ளைகளுக்கு முன்னால் நோயாளியாக நிற்க விருப்பமின்மை. இன்னொன்றும் இருக்கிறது. அது எமக்கே உரியது. படிவத்தில் எழுதிய ஒரு வரி பிறகு எங்கே போய் நிற்கும் என்று அஞ்சிப் பழகிய சமூகம் நாம். குடிவரவுத் திணைக்களத்தின் கேள்விக்கு எழுதிய பதில் ஆறு வருடம் கழித்து முகத்தில் வந்து விழுந்ததைக் கண்டவர்கள், படகுக்காரரின் தாளிலும் குறைவாகவே எழுதுவார்கள். அந்தத் தாளுக்கும் விசாவுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. பயணிகளில் யாரைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்று அறியவே அது கேட்கப்படுகிறது.

நீரில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். உடல் நீரில் அமிழ்ந்ததும் நீரின் அழுத்தம் கால்களிலும் வயிற்றிலும் உள்ள இரத்தத்தை மார்புப் பக்கம் தள்ளுகிறது. இதயத்துக்கு அந்தக் கணமே வேலை கூடுகிறது. சுவாசக் குழாய் வழியாக மூச்செடுப்பது வெளியே மூச்செடுப்பதைப் போல அல்ல. குழாய் ஒரு தடை, நெஞ்சை அழுத்தும் நீர் இன்னொரு தடை. இழுத்து இழுத்து மூச்செடுக்க வேண்டும். அதோடு அலைக்கு எதிராகக் கால் அடித்தால் உடல் கூடுதல் ஒட்சிசன் கேட்கும். நுரையீரலின் நுண்ணிய குழாய்களில் இருந்து நீர் கசிந்து, கடல்நீர் ஒரு துளி உட்போகாமலே மூச்சு அடைபடக்கூடும் என்று ஹவாய்த் தீவில் நடந்த ஓர் ஆய்வு அண்மைக் காலத்தில் எச்சரித்தது. ஏற்கெனவே அடைப்புள்ள இதயமாக இருந்தால் இத்தனையும் தேவையில்லை, துடிப்பு பிசகினாலே போதும்.

நாம் சினிமாவில் பார்த்த மூழ்குதல் கையை அடித்துக் கத்துவது. இங்கே அப்படி இல்லை. முகத்தை நீருக்குள் வைத்து, கைகால் அசையாமல் மிதந்து, கீழே ஆமையைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவரும் நினைவிழந்த ஒருவரும் மேலே இருந்து பார்ப்பவருக்கு ஒரே மாதிரித் தெரிவார்கள். சத்தம் இல்லை, நீர் தெறிப்பு இல்லை. பக்கத்தில் நீந்தும் மகனுக்கே தெரியாமல் போகலாம்.

2016 நவம்பரில் கெயின்ஸுக்கு அப்பால் மிக்கெல்மஸ் கே என்ற மணல்திட்டருகே, ஒரே குழுவில் வந்த 70 வயதைக் கடந்த பிரெஞ்சுப் பயணிகள் இருவர் சில நிமிட இடைவெளியில் இறந்தார்கள். நீந்தும்போது இதயம் நின்றதாகவே அது கருதப்பட்டது. அதன் பின் குயின்ஸ்லாந்து அரசு துறையினரைக் கூட்டிப் பேசி விதிகளை இறுக்கியது. ஆபத்துக்குரியவர் என்று அறியப்பட்டவர் மிதப்புச் சாதனம் அணிய வேண்டும், தனியே போகாமல் துணையோடு போக வேண்டும், மேலிருந்து பார்க்கும் காவலர் அவரை அடையாளம் காண வேறு நிறம் அணிந்திருக்க வேண்டும். படகில் இதயத்தை மீள இயக்கும் மின்னதிர்வுக் கருவியும் இருக்க வேண்டும். இறங்கியவர்களையும் ஏறியவர்களையும் எண்ணிக் கணக்கு எழுதும் கண்டிப்புக்கு இன்னொரு துயரம் காரணம்: 1998 ஜனவரியில் ஓர் அமெரிக்கத் தம்பதியைக் கடலிலேயே விட்டுவிட்டுப் படகு திரும்பியது. அவர்கள் கிடைக்கவே இல்லை. ஆகவே, திரும்பும்போது இரண்டு தரம் தலையை எண்ணுகிறார்கள் என்று சலித்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது கேள்விக்கு வருவோம். ‘ஓம்’ என்று எழுதினால் என்ன ஆகும்? பெரும்பாலும் ஒரு பணியாளர் வந்து தனியே நாலு வார்த்தை கேட்பார். நிறத்தில் வேறுபட்ட மிதப்பு அங்கியோ நீண்ட நுரைக்குழலோ தருவார். ஆழமில்லாத இடத்தில் துணையோடு இருக்கச் சொல்வார். நோயின் தன்மையைப் பொறுத்து இறங்க வேண்டாம் என்றும் சொல்லலாம். அப்படிச் சொன்னால் அது அவமரியாதை அல்ல. அடியில் கண்ணாடி பதித்த படகில் ஏறினால் அதே ஆமையையும் அதே கிளிமீனையும் சட்டை நனையாமல் பார்க்கலாம். அரைநாள் பயணங்களில் நீச்சல் சாதனமா கண்ணாடிப் படகா என்று தெரிவுசெய்யும் வசதி வழக்கமாக இருக்கும். ஐம்பது வயதைக் கடந்து, குளிசை போடுகிறவர் என்றால், புறப்பட ஒரு மாதம் முன்னரே குடும்ப வைத்தியரிடம் இந்தப் பயணத்தைச் சொல்லிக் கேட்பது நல்லது. தெற்காசியருக்கு இதய நோய் மற்றவர்களைவிட இளவயதிலேயே வருகிறது என்பதை எமது வைத்தியர்கள் சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டார்கள்.

படிவத்தில் கேட்காத ஒரு நிலையும் எம்மிடம் உண்டு. 2004 மார்கழி 26இல் முல்லைத்தீவிலோ மருதமுனையிலோ நின்றவர்கள், பின்னர் நாட்கணக்காகத் திறந்த படகில் கிறிஸ்மஸ் தீவுக்கோ கொக்கோஸ் தீவுக்கோ வந்தவர்கள், முகமூடியை மாட்டி நீருக்குள் முகம் வைத்த கணத்தில் நெஞ்சு படபடத்து மூச்சு வேகமாவது நடக்கக்கூடியதே. அது கோழைத்தனம் அல்ல. ஆனால் அந்த வேக மூச்சு சுவாசக் குழாயோடு சேரும்போது மேலே சொன்ன அத்தனையும் விரைவாகும். அப்படியானால் கரைமணலில் இருந்து இடுப்பளவு நீரில் நின்று பார்த்தால் போதும். கிறீன் ஐலண்டின் வசதி அது, படகில் இருந்து ஆழத்தில் குதிக்க வேண்டியதில்லை. மாமா, மச்சான் என்று யாரும் ‘வாங்கோ, ஒண்டும் செய்யாது’ என்று கையைப் பிடித்து இழுக்கக்கூடாது. இளவட்டங்களுக்கும் ஒரு வார்த்தை: வேகவேகமாக மூச்சிழுத்துவிட்டு யார் கூட நேரம் அடியில் இருப்பது என்று போட்டி போடாதீர்கள். நல்ல நீச்சல்காரரும் அப்படித்தான் அடியில் நினைவிழக்கிறார்கள்.

சாதனங்களில் சிறு விஷயங்கள் பெரிய பதற்றத்தைத் தவிர்க்கும். முகமூடிக்குள் நீர் கசிவதே முதல் பதற்றம். மீசை உள்ளவர்களுக்கு அது கசியும், எமது அப்பாமாரில் பாதிப் பேருக்கு இதுதான் சிக்கல். மீசையில் கொஞ்சம் வாஸ்லின் பூசினால் குறையும். கண்ணாடி போடுகிறவர்கள் பவர் உள்ள முகமூடி இருக்கிறதா என்று முன்பதிவிலேயே கேளுங்கள். முழு முகத்தையும் மூடும் முகமூடியை இணையத்தில் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். அவசரத்தில் கழற்றுவது கடினம். உதவி வேண்டுமென்றால் ஒரு கையை நேரே உயர்த்தி ஆட்ட வேண்டும், இதைப் பிள்ளைகளுக்குப் படகிலேயே பழக்கலாம்.

நவம்பர் முதல் மே வரை வடக்குக் குயின்ஸ்லாந்துக் கடலில் கொடிய சொறிமுட்டைகளின் காலம். பெட்டிச் சொறியும் நகமளவேயான இருக்காஞ்சியும் அப்போது அதிகம். உடல் முழுவதையும் மூடும் மெல்லிய உடை தருவார்கள், அதை மறுக்கக்கூடாது. நீச்சலுடைக்குக் கூச்சப்பட்டுக் கரையிலேயே இருந்துவிடும் அம்மாமாருக்கு அந்த உடை ஒரு வரப்பிரசாதம், ஜூலையிலும் கேட்டு வாங்கலாம். ஜூலையில் நீர் 23 பாகை அளவில் இருக்கும், சொறி குறைவு. ஆனால் தென்கிழக்குக் காற்று படகைக் குலுக்கும். வயிறு புரளும் ஆட்கள் காலையில் புட்டும் கறியும் கட்டாமல் கொஞ்சம் இஞ்சியோடு போவது உத்தமம்.

பவளத்தின் மேல் கால் வைக்கவேண்டாம். 2016, 2017, 2020, 2022, 2024, 2025 என்று வெப்பம் கூடிப் பெருமளவில் வெளிறிய பாறைத்தொடர் அது. நின்று மூச்சு வாங்க இடம் தேடுபவர்தான் அதை மிதிப்பார். மிதப்பு அங்கி அணிந்தவருக்கு நிற்கவேண்டிய தேவையே வராது.

ஊருக்குப் போகக்கூடியவர்கள் நிலாவெளிக்கு அப்பால் உள்ள புறாத்தீவையும் இதே அரைநாளில் பார்க்கிறார்கள். கரையில் இருந்து ஒரு கிலோமீற்றர் அளவுதான். போர்க்காலத்தில் நெருங்க முடியாமல் இருந்த கடல், 2003இல் தேசியப் பூங்காவானது. கறுப்புமுனைச் சுறாக்குட்டிகள் காலடியில் சுற்றும். அங்கே கடல் அமைதியாக இருப்பது மே முதல் செப்டெம்பர் வரை. டிசம்பர் விடுமுறையில் போகிறவர்கள் வடகீழ்ப் பருவக்காற்றில் போகிறார்கள் என்பதை மறக்கக்கூடாது. குயின்ஸ்லாந்தின் சட்டம் அங்கே கூட வராது. படிவம் தராவிட்டால் அந்தக் கேள்விகளை நாமே எமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். மிதப்பு அங்கியைக் கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் மெல்பேர்ணிலேயே ஒன்று வாங்கிப் பெட்டியில் வையுங்கள், பெரிய பாரமில்லை.

இந்த நாட்டில் நீரில் மூழ்கி இறப்பவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் வெளிநாட்டில் பிறந்தவர். டார்னெய்ட்டில் இருந்து பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஹொப்பர்ஸ் குரொஸிங் ‘அக்குவாபல்ஸ்’ இருக்கிறது, குளிர்காலத்திலும் வெந்நீர்க் குளம். பிள்ளையை நீச்சல் வகுப்பில் விட்டுவிட்டுக் கைத்தொலைபேசியோடு ஓரத்தில் இருக்கும் அந்த அரைமணி நேரத்தில், முகமூடியையும் குழாயையும் எடுத்துக்கொண்டு நெஞ்சளவு நீரில் நின்று நாலைந்து வாரம் பழகலாம். பயன்படுத்தலாமா என்று குளத்துப் பணியாளரிடம் ஒரு சொல் கேட்டுவிட்டு இறங்குங்கள். தை மாதத்து வெயிலில் வில்லியம்ஸ்ரவுன் பக்கம் உள்ள ‘ஜோபோன்’ கடல் சரணாலயத்திலும் மீன் பார்க்கலாம். அங்கே பவளம் இல்லை. ஆனால் சாதாழையும், அதற்குள் ஒளியும் சின்னத் திருக்கையும் இருக்கும், டிக்கெட்டும் இல்லை.