ஒரு டிரைவர், இரண்டு மோட்டார்கள்

மின்சார மோட்டார் என்றதும் கிணற்று நீரை இறைக்கும் யந்திரத்தையே நினைத்துப் பழகிய நமக்கு, மின்சாரத்தை நேராகக் கொடுத்தால் சுழலவே மறுக்கும் ஒருவகை மோட்டாரும் உண்டு என்பது வியப்பாக இருக்கும். ஸ்டெப்பர் மோட்டார் எனப்படும் அதனுள்ளே இரண்டு தனித்தனிச் சுருள்கள் இருக்கின்றன. அவற்றில் பாயும் மின்னோட்டத்தின் திசையை ஒரு குறித்த கிரமப்படி மாற்றிக்கொண்டே போனால்தான், அதன் அச்சு பெரும்பாலும் படிக்கு 1.8 பாகையாக நகர்ந்து, 200 படிகளில் ஒரு சுற்றைப் பூர்த்தி செய்கிறது. அந்தக் கிரமத்தைத் தவறாமல் நடத்திக் கொடுப்பதே டிரைவர் என்னும் மின்சுற்றின் தொழில்.

பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்கடுக்காகப் பொருள்களை உருவாக்கும் முப்பரிமாண அச்சு யந்திரத்தில் இத்தகைய மோட்டார்கள் பல உண்டு. அவ்யந்திரங்களில் பெரிதும் வழங்கிய ராம்ப்ஸ் 1.4 என்னும் பலகையில் டிரைவர்களுக்கு 5 இடங்களே உள்ளன: மூன்று திசைகளுக்கு மூன்று, இழையைத் தள்ளும் மோட்டார்களுக்கு இரண்டு. மூன்றாவது நிறத்தில் ஓர் இழையைச் சேர்க்க விரும்புகிறவனுக்கு அங்கே இடமில்லை. ஆனால் ஒரு நிறம் வார்க்கப்படும்போது மற்ற நிறங்களின் மோட்டார்கள் சும்மாதானே நிற்கின்றன? ஒருபோதும் சேர்ந்து இயங்காத இரு மோட்டார்களுக்கு ஒரே டிரைவரைப் பொதுவாக வைத்து, வேண்டியபோது வேண்டிய மோட்டாரோடு அதை இணைத்துவிடலாம் என்னும் உபாயம் இங்கேதான் பிறக்கிறது.

இணைத்துக் கொடுப்பது ரிலே. அமெரிக்க விஞ்ஞானியான ஜோசப் ஹென்றி 1835-இல் வகுத்த தத்துவத்தின்மீது எழுந்து, தந்திப் போக்குவரத்தில் தேர்ச்சி பெற்ற இந்தச் சாதனத்தில், சிறிய மின்காந்தம் ஒன்று இரும்புத் தகட்டை இழுக்க, அத்தகட்டோடு சேர்ந்த தொடுமுனை ஒரு பக்கத்தை விட்டு மறு பக்கத்தைப் பற்றிக்கொள்கிறது. கடைகளில் கிடைக்கும் எட்டுப் பின் ரிலேயில் காந்தச் சுருளுக்கு இரண்டு பின்களும், இப்படிப் பக்கம் மாறும் தொடுமுனைத் தொகுதி இரண்டுக்கு மும்மூன்று பின்களும் அமைந்திருக்கின்றன.

மோட்டாருக்கு நான்கு கம்பிகள் இருக்க, ரிலேயில் தொகுதிகள் இரண்டே என்றால் போதுமா என்று வாசகர் கேட்கலாம். போதும்; இந்த அமைப்பின் அழகே அதில்தான் இருக்கிறது. சுற்று முழுமையடைந்தால்தான் மின்சாரம் பாயுமாதலால், ஒரு சுருளின் இரு முனைகளில் ஒன்றை அறுத்துவிட்டாலே அச்சுருள் ஓய்ந்துவிடுகிறது. ஆகவே இரு மோட்டார்களிலும் ஒவ்வொரு சுருளின் ஒரு முனையை டிரைவரோடு நிரந்தரமாக இணைத்துவிட்டு, எஞ்சிய முனைகளை மட்டும் ரிலேயின் வழியே மாற்றினால் காரியம் முடிந்தது. அதிகம் உழைக்கும் மோட்டாரை, ரிலேக்கு மின்சாரம் இல்லாதபோது தொடர்பிலிருக்கும் பக்கத்தில் வைத்தால், காந்தச் சுருளுக்கும் நெடுநேரம் ஓய்வு கிடைக்கும்.

எல்லாவற்றினும் முக்கியமானது, எந்தக் க்ஷணத்தில் மாற்றுவது என்பது. சுருளில் மின்னோட்டம் பாயும்போது தொடர்பைத் துண்டித்தால், அதில் சேமிக்கப்பட்டிருந்த சக்தி உயர்ந்த மின்னழுத்தமாகக் கிளம்பி, தொடுமுனையில் பொறி பறக்கச் செய்வதோடு டிரைவரையும் அழித்துவிடக் கூடும். ஏ4988 போன்ற டிரைவர்கள் இந்த அஜாக்கிரதையினால் பாழாவதுண்டு. ஆதலால் முதலில், டிரைவரைப் படிப்படியாக நகரத் தூண்டும் துடிப்புகளை நிறுத்தி, டிரைவரின் அனுமதிப் பின்னைக்கொண்டு அதை முடக்கி, மின்னோட்டம் அடங்கியபின் ரிலேயை மாற்றி, துள்ளும் தொடுமுனைகள் நிலைபெறச் சுமார் 50 மில்லி வினாடி காத்திருந்து, அதன் பிறகே டிரைவருக்கு மீண்டும் உயிர் கொடுக்க வேண்டும். இந்தக் கிரமத்தைப் பேணினால் பொறியே எழுவதில்லை. தொடுமுனைகளும் நெடுங்காலம் உழைக்கின்றன.

ரிலேயின் சொந்தச் சுருளுக்கும் இதே குணம் உண்டு. 5 வோல்ட் ரிலே ஏறக்குறைய 70 மில்லி ஆம்பியர் கேட்கும். ரிலேயை இயக்கும் கட்டுப்பாட்டுப் பலகை ஆர்டுயினோ யூனோவானால், அதன் பின்னுக்கோ 40 மில்லி ஆம்பியரே உச்சவரம்பு. எனவே நடுவே ஒரு டிரான்சிஸ்டரும், துண்டிக்கும்போது எழும் மின்னழுத்தத்தை அடக்கச் சுருளுக்குக் குறுக்கே தலைகீழாக ஒரு டயோடும் அவசியம்.

இம்முறைக்கு எல்லைகளும் உண்டு. டிரைவரின் மின்னோட்ட வரம்பு ஒன்றேயாதலால், இரு மோட்டார்களும் ஒரே தரத்தினவாக இருப்பது நலம். துண்டிக்கப்பட்ட மோட்டார் தன் பிடியை இழந்துவிடுவதால், நின்ற நிலையிலும் பாரத்தைத் தாங்க வேண்டிய இடத்தில் இதைப் பிரயோகிக்கலாகாது. மீண்டும் இணைக்கும்போது அச்சு இரண்டு படிவரை துள்ளவும் கூடும். இழையைத் தள்ளுவதில் அது பெரிய தோஷமன்று, அளவு பிசகக் கூடாத மூன்று திசை மோட்டார்களிலோ பொறுக்க முடியாதது. ஒவ்வொரு மோட்டாரையும் நான்கு முழுப்படிகளின் மடங்கிலேயே நிறுத்தினால் இத்துள்ளலைத் தவிர்க்கலாம்.

இதைச் செய்துபார்க்க விரும்புகிறவர்கள், மோட்டாரின் நான்கு கம்பிகளில் எந்த இரண்டு ஒரே சுருளைச் சேர்ந்தவை என்பதை மல்டிமீட்டரால் அளந்து நிச்சயப்படுத்திக்கொண்ட பின்னரே இணைப்பைத் தொடங்க வேண்டும். கம்பிகளின் நிறம் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறுவதால் அதை நம்புவதற்கில்லை.