பழகிய சொல் செய்யும் சேதம்

ஆங்கிலத்தில் மேல்நிலையை எட்டிவிட்ட போலந்துக்காரரை அதிகம் ஏமாற்றுபவை, முன்பே அறிமுகமானவை போலத் தோன்றும் சொற்கள். இரு மொழிகளும் இலத்தீனிலிருந்து ஏராளமாகக் கடன் பெற்றவை. பெற்ற கடனை ஒவ்வொன்றும் தன் போக்கில் செலவிட்டது. போலந்து மொழியில் ‘பென்ஸ்யா’ என்றால் சம்பளம்; ஆங்கிலப் ‘பென்ஷன்’ ஓய்வூதியம்.

இது சிரித்துவிட்டுக் கடக்கக்கூடியது. ‘எவென்டுவால்னியே’ அப்படியன்று. ‘ஒருவேளை, தேவைப்பட்டால்’ என்பது அதன் பொருள். அதை ஆங்கிலத்தில் ‘ஈவென்சுவலி’ என்று எழுதினால் ‘இறுதியில் நடந்தே தீரும்’ என்றாகிவிடும். கூடுதல் தொகை தரக்கூடும் என்று எழுத நினைத்தவர், தருவதாகவே வாக்களித்தவர் ஆகிறார். 2004இல் போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்ததும் பிரிட்டனும் அயர்லாந்தும் தம் தொழிலாளர் சந்தையைத் திறந்துவிட்டன. பெருந்திரளானோர் வேலை தேடிச் சென்றனர். ஒப்பந்தத்தில் கையொப்பமிடுபவருக்கு இது வெறும் இலக்கணப் பிழை ஆகாது.

பொருளியல் படித்த என்னை அதிகம் உறுத்துவது ‘பில்லியன்’. ஆங்கிலத்தில் இன்று அது நூறு கோடி. போலந்தின் ‘பிலியோன்’ லட்சம் கோடி. நூறு கோடிக்கு அங்கே ‘மிலியார்ட்’ என்ற தனிச்சொல் உண்டு. ஆங்கிலப் பில்லியனை ஒலியை நம்பிப் பெயர்த்தால் தொகை ஆயிரம் மடங்கு வீங்கும். இதில் வேடிக்கை, பிரிட்டன் அரசே 1974இல்தான் தன் புள்ளிவிவரங்களில் நூறு கோடிக் கணக்கை ஏற்றது. அதற்கு முந்தைய பிரிட்டிஷ் நூலைப் படிக்கும் போலந்து மாணவருக்கு, அவருடைய தாய்மொழிக் கணக்கே சரியாக இருக்கவும் கூடும்.