பாட்டு வந்தது, எழுத்து வரவில்லை!

(இறுதியாண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை)



சென்ற ஆண்டு எங்கள் அக்கா கல்யாணத்துக்கு முதல் நாள் இரவு நடந்தது இது. சிங்கப்பூரில் 20 வருஷம் வேலை பார்த்துத் திரும்பிய எங்கள் மாமா, தன் பழைய கரோக்கி டிஸ்க்குகளைத் துடைத்து எடுத்து வந்தார். அவருடைய பிளேயர் என்றோ பழுதாகிவிட்டதால் எங்கள் வீட்டு டி.வி.டி. பிளேயரில் போட்டோம். இசை கணீரென்று வந்தது. திரையில் பாட்டு வரிகளைக் காணோம்!

"நீ எலக்ட்ரானிக்ஸ்தானே படிக்கிறே? என்னன்னு பாருடா" என்றார் மாமா. சொந்தக்காரர்கள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நானும் மூடியைக் கழற்றிப் பார்த்து, "லென்ஸ் வீக் மாமா" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். மறுவாரம் அவர் 600 ரூபாய் செலவழித்து லென்ஸ் மாற்றினார். அப்போதும் எழுத்து வரவில்லை. மாமா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் உறுத்தியது. அந்த உறுத்தலில் தேடிப் படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

கரோக்கி என்றால்?

ஜப்பானிய மொழியில் 'கரா' என்றால் வெறுமை; 'ஓக்கே' என்பது ஆர்கெஸ்ட்ராவின் சுருக்கம். பாடகர் இல்லாத வாத்தியக் குழு! 1971-ல் கோபே நகர இசைக்கலைஞர் டைசுகே இனோவே, காரில் வைக்கும் டேப் பிளேயர், ஆம்ப்ளிஃபையர், மைக், காசுப் பெட்டி ஆகியவற்றைச் சேர்த்து 11 பெட்டிகள் செய்தார். காப்புரிமை வாங்காமல் விட்டுவிட்டார், பாவம். அதில் திரை கிடையாது. திரை வந்த பிறகுதான் நம் தலைவலி ஆரம்பம்.

காலியாகக் கிடந்த ஆறு பிட்

1982-ல் விற்பனைக்கு வந்த ஆடியோ சி.டி.யில் ஒலியோடு கூடவே 'சப்கோட்' என்ற துணைத் தகவலும் பதிவாகிறது. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரு பைட், அதாவது எட்டு பிட். பாட்டு எங்கே தொடங்குகிறது, எத்தனை நிமிடம் ஓடியது என்பதற்கு இரண்டு பிட் போதும். மீதி ஆறும் சும்மா கிடந்தன. அந்த ஆறில் படத்தை ஏற்றியதுதான் 'சி.டி. பிளஸ் ஜி'. ஜி என்றால் கிராஃபிக்ஸ்.

இப்போது என் முட்டாள்தனத்தைப் பாருங்கள். ஒலியையும் எழுத்தையும் படிப்பது ஒரே லேசர், ஒரே தடம். பாட்டு தடங்கல் இல்லாமல் வருகிறது என்றாலே லென்ஸ் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்! எங்கள் பிளேயர் அந்த ஆறு பிட்டைக் கண்டுகொள்ளாத ரகம், அவ்வளவுதான். அந்த டிஸ்க்கை வெறும் எம்.பி.3 ஆக மாற்றினாலும் பாட்டு மட்டும்தான் மிஞ்சும்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். சப்கோட் வழியாக ஒரு விநாடிக்கு வருவது 300 பாக்கெட். ஒரு பாக்கெட் வரைவது 6 புள்ளி அகலம், 12 புள்ளி உயரமுள்ள ஒரே ஒரு கட்டம். திரையில் தெரியும் கட்டங்கள் 48 × 16 = 768. திரை முழுவதும் நிரம்ப 768 ÷ 300, ஏறத்தாழ இரண்டரை விநாடி! வரிகள் கட்டங்கட்டமாக வந்து விழுவதன் ரகசியம் இதுதான். ஒரே நேரத்தில் 16 நிறங்கள்தான் கிடைக்கும்.

1993-ல் வந்த வீடியோ சி.டி. வேறு ஜாதி. அதில் வரிகள் படத்தோடு படமாகவே பதிந்திருக்கும்; 'பால்' முறையில் 352 × 288 புள்ளிகள். எழுத்துக்காகத் தனி வசதி வேண்டாம். கரோக்கி வீடியோ சி.டி.களில் பெரும்பாலும் ஒரு சேனலில் வெறும் இசை, மற்றதில் பாடகர் குரலும் சேர்ந்திருக்கும். "குரல் போகவே மாட்டேங்குது" என்று புலம்பாமல் ரிமோட்டில் எல்/ஆர் பட்டனை அழுத்தினால் போதும்.

சாதாரணப் பாட்டிலிருந்து குரலை நீக்கும் பட்டனின் கதை தனி. குரல் இரு சேனலிலும் சமமாக இருக்கும் என்று நம்பி, இடதிலிருந்து வலதைக் கழிக்கிறார்கள். நடுவில் வைத்த பேஸும் டிரம்மும் சேர்ந்தே போய்விடும். பழைய மோனோ பாட்டைப் போட்டால் இரண்டு சேனலும் ஒன்றேதான். குரலோடு கச்சேரியே காலி!

திரையின் தாமதம்

பழைய குழல் டி.வி. சிக்னல் வந்த கையோடு வரைந்துவிடும். இன்றைய எல்.இ.டி. டி.வி. படத்தை வாங்கி வைத்து, பெரிதுபடுத்தி, பிறகே காட்டும். இதில் பல பத்து மில்லி செகண்ட் கழியும். ஒலி பிளேயரிலிருந்து நேராக ஆம்ப்ளிஃபையருக்குப் போனால் எழுத்து பின்தங்கும். டி.வி.யில் 'கேம் மோட்' இருந்தால் போடுங்கள். மைக்கை புளூடூத் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். பாடியது தாமதமாகக் காதில் விழுந்து தாளம் தப்பும். வயர்தான் நல்லது.

இந்தப் பொங்கலுக்கு முன் சென்னை ரிச்சி தெருவில் அலைந்து, சி.டி. பிளஸ் ஜி முத்திரை போட்ட பழைய பிளேயர் ஒன்றைப் பிடித்தேன். கட்டங்கட்டமாக வரி விழ விழ மாமா பாடினார். அத்தை, "கல்யாணத்துக்குப் பாட வேண்டியதை இப்பப் பாடுறார்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நண்பர்களே, நாளை நாமும் சர்வீஸுக்குப் போவோம்; நம் சொல்லை நம்பி யாரோ காசு கொடுப்பார்கள். ஸ்குரூ டிரைவரை எடுக்கும் முன் டிஸ்க்கின் மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். எது வேலை செய்யவில்லை என்பதோடு, எது வேலை செய்கிறது என்றும் கேளுங்கள். கழற்றிய அந்த நல்ல லென்ஸை என் ஜியோமெட்ரி பாக்ஸில்தான் வைத்திருக்கிறேன்.