எச்சில் சுரப்பிக்கு எம்ஆர்ஐ: ஸ்கேன் சொல்லும் எண்ணை எவ்வளவு நம்பலாம்?

தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு ரேடியேஷன் எடுத்தவர்களில் பலருக்கு வாய் வறண்டே கிடக்கும். தண்ணீர் இல்லாமல் ஒரு வாய் சோறுகூட இறங்காது. கதிர்வீச்சில் எச்சில் சுரப்பிகள் பாதிக்கப்படுவதுதான் காரணம். சுரப்பி தேறுகிறதா என்று ஊசி குத்தாமல் பார்க்க உதவும் வழிகளில் ஒன்று டிஃப்யூஷன் எம்ஆர்ஐ. ஆனால், அது தரும் எண் சரியானதுதானா?

எதை அளக்கிறது?

திசுவில் இருக்கும் தண்ணீர் மூலக்கூறுகளின் நகர்வை. செல்கள் நெருக்கமாக இருந்தால் நகர்வு குறையும். இடைவெளி இருந்தால் கூடும். இந்த அளவுக்குப் பெயர் ஏடிசி.

கணக்கு இதுதான். சாதாரணப் படத்தில் சிக்னல் 100 என்று வைத்துக்கொள்வோம். பி-வேல்யூ 1000 வைத்து எடுத்த படத்தில் அது 37 ஆகக் குறைந்தால், ஏடிசி விநாடிக்கு 0.0010 சதுர மில்லிமீட்டர். 37-க்குப் பதில் 33 என்று பதிவானால் 0.0011. அதாவது, சிக்னலில் நாலு புள்ளி தவறினால் விடையில் 10 சதவீதம் மாறிவிடும்!

தப்பு எங்கே நடக்குது?

காதுக்கு முன்னும் கீழும் இருக்கும் பரோடிட், தாடைக்கு அடியில் உள்ள சுரப்பி, நாக்குக்கு அடியில் உள்ள சுரப்பி என முக்கியமானவை மூன்று ஜோடி. இவற்றைச் சுற்றிக் காற்று, எலும்பு, பல்லில் போட்ட உலோகம் எல்லாம் இருப்பதால், வேகமாக எடுக்கும் வழக்கமான டிஃப்யூஷன் படம் நெளிந்துபோகும். எச்சில் விழுங்கினாலும் படம் அசையும்.

பரோடிட்டில் கொழுப்பும் உண்டு. அதன் சிக்னலைச் சரியாக அடக்காவிட்டால் ஏடிசி குறைவாகக் காட்டும். குறைந்த பி-வேல்யூவில் நுண் ரத்த ஓட்டமும் சேர்ந்துகொண்டு எண்ணைக் கூட்டிவிடும். ஸ்கேனுக்குச் சற்று முன் புளிப்பாக எதையாவது சாப்பிட்டால்கூடச் சுரப்பி வேலை செய்யத் தொடங்கி, அளவு மாறலாம்.

எப்படிச் சரிபார்க்கிறார்கள்?

ஐஸ் தண்ணீரை வைத்து! 0 டிகிரியில் தண்ணீரின் டிஃப்யூஷன் சுமார் 0.0011 என்பது தெரிந்த விஷயம். மெஷினும் அதையே காட்ட வேண்டும். அடுத்து, ஒரே நபரை இரண்டு முறை ஸ்கேன் செய்வது. உடம்பில் எதுவும் மாறாதபோதே, உதாரணமாக, 15 சதவீத வித்தியாசம் வந்தால், சிகிச்சைக்குப் பின் தெரியும் 10 சதவீத மாற்றத்தை வைத்து முன்னேற்றம் என்று சொல்லிவிட முடியாது.

அப்போ, கட்டி இருந்தால்?

அளவு துல்லியமாக இருந்தாலே போதாது. பரோடிட்டில் அதிகம் வரும் ‘ப்ளியோமார்பிக் அடினோமா’ என்ற சாதாரணக் கட்டியில் ஏடிசி பெரும்பாலும் அதிகம். ‘வார்தின்’ கட்டியும் புற்றுநோய் அல்ல; ஆனால், அதில் ஏடிசி புற்றுநோய் போலவே குறைவாக இருக்கும். அதனால்தான் எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்காமல், மற்ற எம்ஆர்ஐ படங்களையும் ஊசிப் பரிசோதனையையும் டாக்டர்கள் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

நோயாளிகள் கவனிக்க...

பல்லில் கேப், கம்பி இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். ஸ்கேனுக்கு முன் சாப்பிடலாமா என்று கேளுங்கள். அடுத்தடுத்த ஸ்கேன்களை முடிந்தவரை அதே மெஷினில், அதே செட்டிங்கில் எடுப்பது நல்லது. பழைய ரிப்போர்ட்டோடு படங்கள் உள்ள சிடியையும் பத்திரமாக வைத்திருங்கள். ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் கைகொடுக்கும்.