அழுக்கையும் எழுதி விற்ற சரக்கு

ஒரு மளிகைக்கடைக்காரர் சொல்கிறார்: "இந்த அரிசி பழையது, சோறு உதிரியாக வரும். ஆனால் கல் கொஞ்சம் இருக்கும். அரித்துப் போடுங்கள்." எதிர்க்கடைக்காரரோ, "எங்களிடம் எல்லாமே முதல் தரம்" என்கிறார். இருவரில் யாருடைய பேச்சு நம் மனத்தில் நிற்கிறது? பெரும்பாலும் முதல்வருடையதுதான். கல் இருப்பதை மறைக்காதவர், அரிசி பழையது என்பதிலும் பொய் சொல்லமாட்டார் என்று நம் மனம் கணக்குப் போடுகிறது. தன் சரக்கின் குறையைத் தானே சொல்வதும் விற்பனையில் ஒரு பலம். அந்தப் பலம் எங்கிருந்து வருகிறது, அதை எப்போது நம்பலாம், எப்போது நம்பக்கூடாது என்பதை இன்று பார்ப்போம்.

இரண்டாம் உலகப் போரின்போது கார்ல் ஹோவ்லண்ட் என்ற உளவியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் அமெரிக்கப் படைவீரர்களிடையே ஓர் ஆய்வு நடத்தினார்கள். ஒரு பிரிவினருக்கு ஒரு கருத்துக்குச் சாதகமான காரணங்களை மட்டும் சொன்னார்கள். இன்னொரு பிரிவினருக்கு அதற்கு எதிரான காரணங்களையும் சேர்த்துச் சொன்னார்கள். முன்பே மாற்றுக் கருத்து கொண்டிருந்தவர்களிடம் இரு பக்கமும் சொன்ன பேச்சே அதிகமாக எடுபட்டது. சந்தேகத்தோடு கேட்பவனை வெறும் புகழ்ச்சியால் அசைக்க முடியாது என்பது இதன் பாடம்.

விற்பனைக்கும் இது பொருந்தும். 1962-இல் அமெரிக்காவில் ஏவிஸ் என்ற வாடகைக் கார் நிறுவனம், தொழிலில் தான் இரண்டாம் இடத்தில்தான் இருக்கிறது என்பதைத் தானே விளம்பரப்படுத்தியது. இரண்டாம் இடத்தில் இருப்பதால்தான் அதிகமாக உழைக்கிறோம் என்றது. பல ஆண்டுகள் நட்டத்தில் நடந்த அந்த நிறுவனம் விரைவிலேயே லாபம் கண்டது.

அமெரிக்கா வரை போவானேன்? நம் நாட்டிலேயே இதற்குப் பெரிய சான்று உண்டு.

பினாங்கில் டத்தோ கிராமாட் சாலையில், இன்று பினாங்கு டைம்ஸ் ஸ்குவேர் கட்டடங்கள் நிற்கும் இடத்தில், முன்பு ஒரு பெரிய ஈய உருக்காலை இருந்தது. 1907-இல் ஈஸ்டர்ன் ஸ்மெல்டிங் கம்பெனி என்ற பெயரில் அமைந்த ஆலை அது. லம்பங்களிலிருந்து மூட்டை மூட்டையாக ஈய மணல் அங்கே வந்து இறங்கும். கண்ணால் பார்த்து, "நல்ல மணல்" என்று யாரும் விலை பேசுவதில்லை. மாதிரி எடுத்துச் சோதிப்பார்கள். மணலில் எவ்வளவு ஈயம், எவ்வளவு கழிவு என்ற கணக்கின்படியே பணம். கழிவு இருப்பது இரு தரப்புக்கும் தெரிந்த செய்தி. எவ்வளவு என்பதைச் சோதனை சொல்லிவிடும். சண்டைக்கு அங்கே இடமில்லை.

ஈயத்தில் இப்படி நடந்த வியாபாரம், ரப்பரில் நெடுங்காலம் வேறு விதமாக நடந்தது. புகையூட்டிய ரப்பர் ஷீட்டுகளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நிறத்தையும் கறையையும் குமிழிகளையும் பார்த்து, முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிரித்தார்கள். பிறகு பெரிய கட்டுகளாக அழுத்திக் கப்பலேற்றினார்கள். கட்டின் நடுவே மண்ணோ மரத்தூளோ இருந்தால், அது வெளிநாட்டுத் தொழிற்சாலையில் கட்டைப் பிரித்த பிறகுதான் தெரியும். வாங்குபவர் ஊகத்தின்மேல் பணம் கொடுக்க வேண்டியிருந்தது.

இதற்கிடையே செயற்கை ரப்பர் சந்தைக்கு வந்தது. அது சிறு கட்டிகளாக, பிளாஸ்டிக் தாளில் சுற்றப்பட்டு, இன்ன சரக்கில் இன்னது இவ்வளவு என்ற விவரத்தோடு வந்தது. 1960-களில் உலகச் சந்தையில் அது இயற்கை ரப்பரை முந்திவிட்டது. "எங்கள் ரப்பர்தான் சிறந்தது" என்று நாம் எவ்வளவு உரக்கச் சொல்லியிருந்தாலும், டயர் தொழிற்சாலைக்காரரின் காதில் அது ஏறியிருக்காது.

1965-இல் மலேசியா செய்தது என்ன தெரியுமா? தன் ரப்பரில் அழுக்கு எவ்வளவு என்பதைத் தானே எழுதிக் கொடுக்கத் தொடங்கியது. 'எஸ்.எம்.ஆர்.' என்னும் மலேசியத் தர ரப்பர் திட்டம் அதுதான். ரப்பரின் மாதிரியைத் திரவத்தில் கரைத்து, மிக நுண்ணிய சல்லடையில் வடிகட்டி, தங்கிய கசடை நிறுத்துப் பார்ப்பார்கள். சாம்பல், நைட்ரஜன் போன்றவற்றையும் சோதிப்பார்கள். அந்த முடிவின்படியே தரம். திட்டத்தின் தொடக்கத்தில் எஸ்.எம்.ஆர். 5 என்றால் அழுக்கு 0.05 விழுக்காட்டிற்கு மேல் இராது. அதாவது 100 கிலோவில் 50 கிராம். எஸ்.எம்.ஆர். 20 என்றால் 100 கிலோவில் 200 கிராம் வரை இருக்கலாம். பின்னர் இந்த வரம்புகளில் சில இன்னும் இறுக்கப்பட்டன. கட்டிகளும் ஏறக்குறைய 33 கிலோ எடையில், பாலித்தீன் தாளில் சுற்றப்பட்டுச் சென்றன.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். தரத்தின் பெயரே அழுக்கின் அளவுதான்! எஸ்.எம்.ஆர். 20-இல் எஸ்.எம்.ஆர். 5-ஐவிட நான்கு மடங்கு அழுக்குக்கு இடம் இருந்தது. அதை யாராவது ஒதுக்கினார்களா? இல்லை. டயர்த் தொழிலில் மிகுதியாகப் பயன்படும் ரப்பர் வகைகளில் அதுவும் ஒன்றாயிற்று. டயருக்கு அந்தத் தரம் போதும், விலையும் அதற்கேற்றது, எதிர்பாராத ஏமாற்றம் கிடையாது. மறைத்து விற்றிருந்தால் அது மட்டமான சரக்கு. சொல்லி விற்றதால் அதுவும் ஒரு தரமாயிற்று. இந்தோனேசியா, தாய்லாந்து முதலிய நாடுகளும் இதே வழியில் தங்கள் ரப்பருக்குத் தரம் வகுத்தன.

அந்த எண்ணுக்குப் பின்னால் யாருடைய கை இருக்கிறது? மங்கில் விழும் இலையையும் பட்டைத் துணுக்கையும் பொறுக்கி எறிந்த கை. கட்டிப்பாலில் மண் ஒட்டாமல் பார்த்துக்கொண்ட கை. பால்மரம் வெட்டிய நம் தாய்தந்தையரின் கவனமும் அந்தச் சான்றிதழில் அடங்கியிருக்கிறது.

ஆனால் நேயர்களே, குறையை ஒப்புக்கொள்ளும் எல்லாரும் நேர்மையானவர்கள் அல்லர். இது நல்ல உத்தி என்று தெரிந்துகொண்ட தந்திரக்காரர்களும் உண்டு. "அம்மா, உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். இந்தச் சாமானில் நிறம் ஒன்றுதான் கொஞ்சம் சுமார்" என்பார் ஒருவர். நிறம் சுமார் என்பது நமக்கே தெரியும். அந்தச் சின்னக் குறையைக் காட்டி, தவணை வட்டி என்ற பெரிய குறையை மறைத்துவிடுவார். எஸ்.எம்.ஆர். சான்றிதழுக்கும் இந்தப் பேச்சுக்கும் உள்ள வேறுபாடு இரண்டு. ஒன்று, சான்றிதழ் சொல்வது வாங்குபவருக்கு முக்கியமான குறை. இரண்டு, அது எழுத்தில் இருக்கிறது. யாரும் மறுபடி சோதித்துப் பார்க்கலாம். இந்த இரண்டும் இல்லாத 'உண்மை' வெறும் பேச்சலங்காரம்.

ஆகவே வீட்டு வாசலில் தவணைக்குச் சாமான் விற்க வருபவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். ரொக்க விலை என்ன? தவணைகளைக் கூட்டினால் மொத்தம் என்ன? பழுதானால் யார், எத்தனை நாளில் சரி செய்வார்? ஒரு கணக்குப் பாருங்கள். ரொக்க விலை 900 வெள்ளி. தவணை மாதம் 60 வெள்ளி, 24 மாதம் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 60 என்றால் சின்னத் தொகையாகத்தான் தோன்றும். கூட்டினால் 1,440 வெள்ளி. அதிகம் கொடுப்பது 540 வெள்ளி! இதை முன்கூட்டியே சொல்லி, எழுதியும் கொடுப்பவரிடம் தாராளமாக வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால், அந்தத் தயக்கமே உங்களுக்குப் பதில்.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. வீடு தேடி வந்து விற்பவரோடு செய்யும் ஒப்பந்தத்தை, 1993-ஆம் ஆண்டின் நேரடி விற்பனைச் சட்டப்படி 10 வேலை நாட்களுக்குள் விலக்கிக்கொள்ள முடியும். 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உள்ள நடுவர் மன்றத்தில், 5 வெள்ளிக் கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமலே 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையைத் தொடுக்கலாம். வழி தெரியாதவர்கள் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தைத் தமிழிலேயே அணுகலாம். காலஞ்சென்ற எஸ்.எம். முகமது இத்ரிஸ் 2019-இல் மறையும் வரை பல்லாண்டு தலைமையேற்று வழிநடத்திய சங்கம் அது.

நம் கையால் எடுத்த ரப்பர், தன் அழுக்கின் அளவை நெற்றியில் எழுதிக்கொண்டு கடல் கடந்து போயிற்று, அதனாலேயே மதிக்கப்பட்டது. நமக்கு விற்க வரும் பொருளும் தன் குறையையும் தன் முழு விலையையும் எழுத்தில் காட்டட்டும். அப்படிக் கேட்பது நம் உரிமை.